அர்ஜிக்குத் தமிழில் என்ன பேர்? கொரியத் தொடர்களிலிருந்து 'ஃபன்னி போய்' வரை

புத்தளம், சிலாபம் பக்கம் கொரிய மொழி வகுப்பு விளம்பரம் ஒட்டாத மதில் குறைவு. 2004இல் கொரியாவோடு இலங்கை செய்துகொண்ட வேலைவாய்ப்பு ஒப்பந்தத்துக்குப் பிறகு, மொழிப் பரீட்சை பாஸ் பண்ணினால் பக்டரிக்கோ மீன்பிடிக்கோ போகலாம் என்பது எங்கட கரையோரப் பொடியன்மாருக்கு நல்லாத் தெரிந்த கணக்கு. இறால் பண்ணையில் வேலை செய்துகொண்டே ஹங்குல் எழுத்துப் படிக்கிறவர்கள் முந்தலில் இருக்கிறார்கள். உச்சரிப்பு பழகத் தொடர் பார்க்கச் சொல்லித் தருவார்கள். அவர்களும் பார்க்கிறார்கள். வகுப்புக்குப் போகாத தங்கச்சிமார் அவர்களைவிடக் கூடப் பார்க்கிறார்கள்.

2012இல் ரூபவாஹினியில் 'சுஜாத தியணி' ஓடியபோது எங்கட வீடுகளில் அம்மாமார் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். கொரியாவின் 'தே ஜாங் கும்' அது, சிங்களத்தில் பேசியது. பிறகு தமிழ்நாட்டுப் புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழில் பேசவைத்தது. இப்ப எல்லாம் போனில்தான். 'கே-டிராமா' என்று நாங்கள் சாதாரணமாகச் சொல்லுகிறோம். அந்தக் 'கே'யை மட்டும் தனியே எடுத்து ஒரு பொடியனைப் பார்த்துச் சொன்னால் அடிபாடு வரும். ஒரே எழுத்து, ஒன்றில் ஆசை, மற்றதில் அவமானம்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது 'கே' பற்றியது. ஆணை நேசிக்கிற ஆணைக் கதையும் படமும் எப்படிக் காட்டி வந்திருக்கின்றன என்று பார்க்கிறோம். கொரியாவிலிருந்து தொடங்குகிறோம், ஏனென்றால் அங்கேயிருந்துதான் எங்கட வயதுக்காரர் பலர் முதல் தடவையாக அப்படி ஒரு பாத்திரத்தைச் சிரிக்காமல் பார்த்தார்கள்.

ஆனால் கொரியாவும் சும்மா அங்கே வந்து சேரவில்லை. 2000ஆம் ஆண்டு ஹொங் சொக்-சொன் என்கிற நடிகர், தான் தன்பாலீர்ப்பு உள்ளவர் என்று வெளியே சொன்னார். சிறுவர் நிகழ்ச்சியிலிருந்து உடனே நீக்கினார்கள். மூன்று வருடம் கழித்துத்தான் ஒரு தொடரில் மறுபடி முகம் காட்ட முடிந்தது. 2005 கடைசியில் 'அரசனும் கோமாளியும்' என்று உலகம் அறிந்த படம் வந்தது. லீ ஜுன்-இக் இயக்கம். ஊர் ஊராகப் போகிற கூத்தாடிகள் இரண்டு பேர், ஒருவன் பெண் வேடக்காரன், அவன்மேல் அரசனுக்கு மயக்கம். 1 கோடி 20 லட்சம் பேருக்கு மேல் தியேட்டரில் பார்த்தார்கள். அதுவரை வந்த கொரியப் படங்களின் வசூலை எல்லாம் தாண்டியது. அதில் ஆண்கள் இரண்டு பேருக்கு இடையில் இருப்பதற்கு யாரும் பேர் வைக்கவில்லை, அதனால்தான் தாத்தாமாரும் பாட்டிமாரும்கூட டிக்கட் எடுத்தார்கள் என்பது எங்கட எண்ணம். அடுத்த வருடம் லீ-சொங் ஹீ-இல் எடுத்த 'வருத்தமில்லை' பேரும் வைத்தது, படுக்கையையும் காட்டியது. அதைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

2007இல் 'காஃபி பிரின்ஸ்'. எங்கட பெட்டைகள் பத்துத் தரம் பார்த்த தொடர். முதலாளிப் பொடியன் தன் கடையில் வேலை செய்கிற 'பொடியன்' மேல் காதல் வந்து தவிக்கிறான். பார்க்கிற எங்களுக்கு அது பெண் என்று முதலே தெரியும். அதனால் பயமில்லாமல் ரசித்தோம். அவன் தவிப்பு மட்டும் உண்மையான தவிப்பு. 'அவன் ஆணாக இருந்தாலும் பரவாயில்லை' என்று அவன் முடிவெடுக்கிற இடத்தில் தொடர் ஒரு வாசலைத் திறந்து காட்டிவிட்டு மூடுகிறது.

அந்த வாசலுக்குள்ளே போனது 2010இல் எஸ்பிஎஸ் ஒளிபரப்பிய 'வாழ்க்கை அழகானது'. எழுதியவர் கிம் சூ-ஹ்யொன், குடும்பத் தொடர்களின் பெரிய பேர். ஜேஜு தீவில் பெரிய கூட்டுக்குடும்பம், மூத்த மகன் டொக்டர், அவனுக்கு ஓர் ஆண் இணை. அம்மா, அப்பா, பாட்டி எல்லோரும் சாப்பாட்டு மேசையில் இருந்து அழுது, சண்டை பிடித்து, கடைசியில் சோறு போடுகிறார்கள். இதைப் பார்த்துத் தங்கள் பிள்ளைகள் கெட்டுப்போனால் தொலைக்காட்சி பொறுப்பா என்று கேட்டுப் பெற்றோர் பேரில் பத்திரிகையில் விளம்பரமே போட்டார்கள். தொடர் நிற்கவில்லை. அதற்குப் பிறகு பார்க் சங்-யொங் 2019இல் எழுதிய 'பெருநகரத்தில் காதல்' நாவல் ஆங்கிலத்துக்குப் போய் 2022இல் சர்வதேச புக்கர் நீள்பட்டியலுக்கு வந்தது. 2024இல் அதே நாவலிலிருந்து ஒரு படமும் ஒரு தொடரும். அந்த வருடமும் எதிர்ப்புக் கிளம்பித் தொடரின் முன்னோட்டத்தை இறக்கவேண்டி வந்தது. கொரியாவில் சாதாரண மக்களுக்கு எதிராக இப்படி ஒரு குற்றச் சட்டம் இல்லை, இராணுவச் சட்டத்தில் மட்டும் ஒரு பிரிவு இன்னும் இருக்கிறது. ஆகவே அங்கே எல்லாம் சரி என்று நாங்கள் சொல்லவில்லை. அங்கே இருபது வருடத்தில் இந்தப் பாத்திரம் சாப்பாட்டு மேசைவரை வந்தது, அவ்வளவுதான்.

எங்கட மேசைக்கு?

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். பெண் வேடக்காரன் எங்களுக்குப் புதுசு இல்லை. தமிழ் நாட்டுக்கூத்தில் சீதையும் திரௌபதையும் சந்திரமதியும் காலம்காலமாக ஆண்கள்தான். பக்கத்து உடப்பில் திரௌபதையம்மனுக்குத் தீ மிதிக்கிற சனத்துக்கு, விராட நகரத்தில் பிருகன்னளையாக ஆட்டம் சொல்லிக்கொடுத்த அர்ச்சுனனை யாரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தமிழ்நாட்டுப் பாலர் நாடகக் கொம்பனிகளில் பொடியன்மார் பெண்ணாக நடித்தே பேரெடுத்தார்கள். டி. கே. சண்முகம் ஔவையாராக நடித்து 'ஔவை' என்கிற பட்டத்தையே பேரோடு சேர்த்துக்கொண்டார். ஆக, உடுப்பு மாற்றுவது எங்களுக்குப் பிரச்சினையாக இருக்கவில்லை. விடிந்ததும் வேடத்தைக் கலைக்கவேண்டும், கலைத்தபிறகு அதைப்பற்றிக் கதைக்கக்கூடாது, அதுதான் ஒப்பந்தம். 'அரசனும் கோமாளியும்' படத்தின் ஒப்பந்தமும் அதுவே. பெண் வேடம் போடுகிறவர் எல்லாம் ஆணை நேசிப்பவர் என்றும் இல்லை, ஆணை நேசிப்பவர் எல்லாம் பெண் வேடம் போடுபவரும் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் எங்கட ஊர்ப் பகிடிகளின் முதலீடு.

இந்தக் குழப்பத்துக்கு மேலே வெள்ளைக்காரன் சட்டம் வைத்தான். 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பார்த்து எழுதிய 1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை, 365ஆம் பிரிவில் 'இயற்கை ஒழுங்குக்கு மாறான' உறவுக்குப் பத்து வருடம்வரை சிறை என்றது. 365அ பிரிவு ஆண்களுக்கு இடையிலான 'பாரதூரமான இழிசெயலை'க் குற்றமாக்கியது. எது இழிசெயல் என்று சட்டம் விளக்கவில்லை. அதைப் பிடிக்கிற பொலிஸ்காரர் விளக்கிக்கொள்ளலாம்.

அந்தச் சட்டத்துக்குக் கீழே இருந்துகொண்டு முதலில் ஆண் உடலை ஆசையோடு பார்த்தது கதை இல்லை, ஒரு கமரா. லயனல் வென்ட் 1900இல் பிறந்தவர், சட்டம் படித்தவர், பியானோக்காரர், 1944இல் இறந்தார். கொழும்பில் அவர் பேரில் உள்ள அரங்கம் பலருக்குத் தெரியும், படங்கள் அவ்வளவு தெரியாது. 1930களில் அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களில் மீனவர்களும் உழைப்பாளிகளும் வருகிறார்கள், வெயிலில், கோவணத்தோடு, சிலவற்றில் அதுவும் இல்லாமல். தன்பாலீர்ப்புக் கண்ணோட்டத்தின் இலங்கை வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்று அங்கேயிருந்துதான் தொடங்குகிறார்கள். அழகான படங்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் கரைவலை இழுக்கிற ஊரில் இருந்து பார்க்கிற எங்களுக்கு ஒரு உறுத்தல். படம் எடுத்தவருக்குப் பேர் இருக்கிறது, படத்தில் நிற்கிறவருக்கு உடம்பு மட்டும் இருக்கிறது. அவர் என்ன நினைத்தார் என்று கேட்க இப்ப யாரும் இல்லை.

பேரோடு ஒருவன் வர 1994 ஆனது.

ஷியாம் செல்வதுரை 1965இல் கொழும்பில் பிறந்தவர். அப்பா தமிழர், அம்மா சிங்களவர். 83 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு கனடாவுக்குப் போனார். அங்கே இருந்து ஆங்கிலத்தில் எழுதிய முதல் நாவல் 'ஃபன்னி போய்'. ஒன்றோடொன்று தொடுத்த ஆறு கதைகள். அர்ஜி என்கிற அர்ஜுன் செல்வரட்ணம், கொழும்பில் வசதியான தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகள் எல்லாம் பாட்டி வீட்டில் கூடும். பொடியன்மார் முன்வளவில் கிரிக்கெட். பெட்டைகள் பின்வளவில் கலியாண விளையாட்டு. அர்ஜி பின்வளவுக்காரன், அதுவும் அவன்தான் மணமகள். பழைய துணியைச் சேலையாகக் கட்டித் தலையில் பூ வைத்து வருகிற அந்தக் கணத்துக்காகவே மாதம் முழுதும் காத்திருக்கிறவன்.

ஒருநாள் வெளிநாட்டிலிருந்து வந்த மச்சாள் ஒருத்தி, மணமகளாக வரவேண்டியது பெண்தானே என்று சண்டை பிடிக்கிறாள். சத்தம் கேட்டு வந்த மாமி, சேலையோடு அவனை இழுத்துக்கொண்டு போய்ப் பெரியவர்கள் நடுவில் நிறுத்துகிறாள். சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் ஒரு மாமா அந்தச் சொல்லைப் போடுகிறார். 'ஃபன்னி.' அப்பாவின் முகம் மாறுவதை அர்ஜி பார்க்கிறான். இரவு அம்மாவும் அப்பாவும் அறைக்குள் அதே சொல்லைச் சொல்லிச் சண்டை பிடிப்பதையும் ஒட்டுக்கேட்கிறான். அந்தச் சொல்லுக்கு 'பகிடியான' என்றும் அர்த்தம், 'ஒரு மாதிரியான' என்றும் அர்த்தம், இங்கே இரண்டும் இல்லை என்று அவனுக்கு விளங்குகிறது. அருவருப்பு இருக்கிறது, ஆனால் எதன்மேல் என்று அவனுக்குத் தெரியவில்லை.

'ஒரு மாதிரி'. கவனியுங்கள், எங்கட தமிழிலும் அப்பிடித்தான் சொல்லுகிறோம். 'அவன் ஒரு மாதிரி.' பேர் வைக்காமல் விலக்கிவைக்கிற சொல். செல்வதுரை ஆங்கிலத்தில் எழுதினார், ஆனால் அந்தச் சொல்லின் வேலையை அறிய எங்களுக்கு அகராதி தேவையில்லை.

நாவலின் பலம் என்று நாங்கள் நினைப்பது, அது அர்ஜியின் ஆசையைத் தனியே எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவில்லை. ராதா அத்தை ஒரு சிங்களப் பொடியனை விரும்புகிறாள், யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற வழியில் கோச்சியில் அடிபடுகிறாள், அந்தக் காதல் முடிகிறது. அம்மாவின் பழைய காதலன், பறங்கிப் பத்திரிகையாளர், உண்மையைத் தேடி வடக்கே போய்ப் பிணமாகிறார். ஒவ்வொரு கதையிலும் யாரோ ஒருவர் யாரை நேசிக்கலாம் என்று மற்றவர்கள் தீர்மானிக்கிறார்கள். அர்ஜியின் முறை வரும்போது வாசகருக்கு அது புதுசாக இல்லை. அவன் நேசிக்கிற ஷெஹான் சொய்சா சிங்களவன். இரண்டு பேரும் படிக்கிற பள்ளிக்கூடத்தின் அதிபர் பிரம்போடு நிற்கிறவர், பரிசளிப்பு விழாவில் பழைய ஆங்கிலக் கவிதைகளை ஒப்புவிக்கச் சொல்லி அர்ஜியை வாட்டுகிறவர். ஷெஹானைக் காப்பாற்ற அர்ஜி மேடையில் அந்தக் கவிதைகளை வேண்டுமென்றே பிழையாகச் சொல்லிக் குழப்புகிறான். தமிழ் எழுத்தில் வருகிற எத்தனையோ வீரச் செயல்களைவிட எங்களுக்கு இது பிடித்திருக்கிறது. பிறகு 83 ஜூலை. வீடு எரிகிறது, பாட்டியும் தாத்தாவும் காரோடு எரிக்கப்படுகிறார்கள், குடும்பம் நாட்டைவிட்டுப் போகிறது, ஷெஹான் இங்கேயே நிற்கிறான்.

இன்னொரு விஷயத்தை விமர்சனங்கள் அவ்வளவாகத் தொடவில்லை. அப்பா அர்ஜியைச் சிங்கள மொழி வகுப்பில் சேர்த்திருக்கிறார், இனி நாட்டில் பிழைக்க அதுதான் மொழி என்று. அதனால் தமிழ்ப் பொடியனான அர்ஜிக்குத் தமிழ் சரியாக வராது. தமிழன் என்று அடிக்க வருகிறவர்களுக்கு முன்னால் நிற்கிறான், ஆனால் தமிழ் வகுப்புக்கும் போக முடியாது. ஆகவே அவன் தனக்கு ஒரு சொல் தேடினாலும் அது தமிழில் கிடைத்திருக்காது. எங்கட நிலைமை தலைகீழ். எங்களுக்குத் தமிழ் வரும், அதில் கிடைப்பதெல்லாம் வசவுகள்.

நாவல் கனடாவில் முதல் நாவல் பரிசும் அமெரிக்காவில் லம்டா விருதும் வாங்கியது. அடுத்த வருடம், 1995இல், கொழும்பில் 'கம்பேனியன்ஸ் ஒன் எ ஜேர்னி' என்று தன்பாலீர்ப்பாளர்களுக்கான முதல் அமைப்புத் தொடங்கியது. அதே 1995இல் பாராளுமன்றம் 365அ பிரிவைத் திருத்தியது. நீக்கவில்லை. 'ஆண்' என்று இருந்த இடத்தில் 'ஆள்' என்று மாற்றிப் பெண்களையும் உள்ளே கொண்டுவந்தது. சமத்துவத்தை இப்படியும் செய்யலாம் போல.

1998இல் செல்வதுரையின் இரண்டாவது நாவல், 'சினமன் கார்டன்ஸ்'. கறுவாத்தோட்டம், 1920களின் கடைசி, டொனமூர் ஆணைக்குழு வந்த நேரம். முதலியார் ஒருவரின் மகன் பாலேந்திரன், நாற்பது வயது, மனைவி, லண்டனில் படிக்கிற மகன், ஊரில் மரியாதை. இருபது வருடத்துக்கு முன் லண்டனில் ரிச்சர்ட் என்கிற ஆங்கிலேயரோடு வாழ்ந்தவர், அப்பா கப்பலேறிப் போய்ப் பிரித்துக் கூட்டிவந்தார். இப்போது ரிச்சர்ட் கொழும்புக்கு வருகிறார். இந்த நாவலின் அத்தியாயங்களின் தலையில் திருக்குறள் இருக்கிறது. அறம் பேசுகிற நூலைப் பாலேந்திரனின் தலைக்குமேல் வைத்தது முதலியாரின் அறத்தைக் குத்துவதற்கா, பாலேந்திரனுக்கும் அந்த நூலில் இடம் உண்டு என்று சொல்வதற்கா? இரண்டுக்கும் என்றுதான் நாங்கள் வாசித்தோம். எங்கட பக்கம் குறளை மனப்பாடப் போட்டிக்கு மட்டும் எடுப்பார்கள். இப்படி எடுக்கலாம் என்று அதுவரை தோன்றவில்லை.

தமிழிலேயே எழுதியவர்களுக்கு வருவோம். தமிழ்நாட்டில் கரிச்சான் குஞ்சு 1978இல் எழுதிய 'பசித்த மானிடம்' பலரும் நினைப்பதைவிடத் துணிச்சலான நாவல். கணேசன் அழகான பொடியன், ஆதரவில்லாதவன். ஆண்கள் அவனை வைத்துக்கொள்கிறார்கள், பிறகு பெண்களும் வருகிறார்கள், கடைசியில் தொழுநோய். ஆசிரியர் சமஸ்கிருதப் பண்டிதர். அவர் கணேசனைக் கேலி செய்யவில்லை, அவன்மேல் தீர்ப்பும் எழுதவில்லை. ஆனால் அந்த நோய் கதைக்குள் வந்து நிற்கும்போது வாசகர் அதைத் தண்டனையாக வாசிப்பதை யாரால் தடுக்க முடியும்?

சினிமாவைப்பற்றி நீட்டத் தேவையில்லை, எல்லோரும் பார்த்ததுதான். கையை ஆட்டி நெளிந்து நடந்துபோகிற ஒருவர், பக்கத்தில் காமெடியன் முகம் சுளிப்பார், தியேட்டர் சிரிக்கும். சிரிப்புக்கு இல்லாவிட்டால் கொலைக்கு. 2006இன் 'வேட்டையாடு விளையாடு' பெண்களை வதைத்துக் கொல்லுகிற இரண்டு பேரைக் காட்டுகிறது. கொலைகாரர் என்பது போதாது என்று, அவர்கள் தன்பாலீர்ப்பாளர்களா என்று பொலிஸ்காரர் வாயால் கேட்கவைக்கிறது. கதைக்கு அந்தக் கேள்வி ஒன்றும் செய்யவில்லை, வெறுப்பைக் கொஞ்சம் கூட்ட மட்டும். 2010இல் வெங்கட் பிரபுவின் 'கோவா'வில் சம்பத்தும் அரவிந்த் ஆகாஷும் ஒரு இணையாக வந்தார்கள். பகிடிப் படம், அவர்களை வைத்தும் பகிடி. ஆனாலும் சம்பத் பொறாமையில் வாடுகிற இடங்களில் காதலில் விழுந்த எவனும் படுகிற பாடு தெரிந்தது. ரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது' 2022இல் ஒரு நாடகக் குழுவுக்குள் எல்லா விதமான இணைகளையும் உட்காரவைத்துக் காதலை அரசியலாகக் கதைத்தது. அடுத்த வருடம் மலையாளத்தில் 'காதல் தி கோர்'. மம்மூட்டி நடித்த பாத்திரம் பாலேந்திரனுக்குத் தம்பி மாதிரி: கலியாணம், மகள், ஊரில் மரியாதை, உள்ளே ஒரு மௌனம். வழக்குப் போடுவது மனைவி, ஜோதிகா. இத்தனை வருடம் அந்த மௌனத்துக்குள் அவளும் அடைபட்டிருந்தாள் என்று சொன்ன படங்கள் அதிகமில்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டெம்பர் 6ஆம் திகதி 377ஐ விலக்கிய பிறகுதான் அந்தப் படம் வர முடிந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

2020இல் தீபா மேத்தா 'ஃபன்னி போய்'யைப் படமாக்கினார், செல்வதுரையும் சேர்ந்து எழுதினார். டிசெம்பரில் பல நாடுகளில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. வருவதற்கு முன்பே கனடாத் தமிழர் பலர் கோபப்பட்டார்கள். 83ஐப்பற்றிய படத்தில் தமிழ் நடிகர்கள் ஏன் இவ்வளவு குறைவு, பேசுகிற தமிழ் ஏன் இப்படிக் கொச்சையாக இருக்கிறது என்று கேட்டார்கள். தமிழ் வசனங்களைத் திருத்தி மறுபடி குரல் கொடுக்கவேண்டி வந்தது. சர்வதேசப் படப் பிரிவுக்குக் கனடா இதை ஒஸ்காருக்கு அனுப்பியபோது, ஆங்கிலம் அளவுக்கு மேலே இருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள்.

அந்தக் கோபம் நியாயம் என்று நாங்கள் நினைக்கிறோம். மொழிக்காக எரிக்கப்பட்டவர்களின் கதையில் மொழி பிழைத்தால் வலிக்கும். ஆனால் அந்தச் சண்டையின் சத்தத்துக்குள் இன்னொன்று சத்தமில்லாமல் நடந்தது. சிலர் தமிழ் உச்சரிப்பைப்பற்றிக் கடைசிவரை கதைத்தார்கள், அர்ஜியைப்பற்றி ஒரு வசனமும் கதைக்கவில்லை. கலவரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பொடியனைத் திருப்பி பின்வளவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சிங்களப் படங்கள் இதில் எங்களைவிட முன்னே போயிருக்கின்றன. விசாகேச சந்திரசேகரத்தின் 'பிராங்கிபானி' இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும் சிக்கிக்கொண்ட காதலைச் சிங்களத்திலேயே சொன்னது. இங்கிலிஷ் தெரிந்த கொழும்பு வீடு இல்லாமலும் இந்தக் கதை நடக்கும் என்று அதைப் பார்த்தால் விளங்கும்.

சட்டம் இன்னும் அங்கேயே நிற்கிறது. 2016 நவம்பரில் உயர் நீதிமன்றம், வயதுவந்தவர்கள் சம்மதத்தோடு செய்வதை அரசு கண்காணிக்கக்கூடாது என்பதுதான் இன்றைய சிந்தனை என்று எழுதியது. ஆனால் சட்டம் இருக்கிறபடியால் தீர்ப்பை மாற்றாமல் சிறைத் தண்டனையை மட்டும் ஒத்திவைத்தது. 2023 மே மாதம், பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் இல்லை என்றும் அதே நீதிமன்றம் சொன்னது. சட்டமூலம் நிறைவேறாமலே அந்தப் பாராளுமன்றம் 2024இல் கலைந்தது.

இத்தனையையும் வரிசையாக வைத்துப் பார்க்கிறபோது எங்கட கண்ணுக்கு ஒரு ஆள் மறுபடி மறுபடி தட்டுப்படுகிறான். வென்ட்டின் படத்தில் நிற்கிற பேரில்லாத மீனவன். 'சினமன் கார்டன்ஸ்' நாவலிலும் அவன் இருக்கிறான், அங்கே பேரும் உண்டு, ரஞ்சன். பாலேந்திரன் இரவில் பம்பலப்பிட்டி ஸ்டேஷன் பக்கம் போய்க் காசு கொடுத்துச் சந்திக்கிற சிப்பாய். பாலேந்திரனுக்கு நாவல் முழுதும் இருக்கிறது, அப்பா, மனைவி, மகன், ரிச்சர்ட், பழைய கடிதங்கள், குறள். ரஞ்சனுக்குச் சில பக்கங்கள். காசை வாங்கிக்கொண்டு அவன் தண்டவாளத்து ஓரமாக எந்தப் பக்கம் நடந்தான், யாருக்கு அந்தக் காசை அனுப்பினான், அவனுக்கும் யாரிலும் ஆசை இருந்ததா என்று நாவல் கேட்கவில்லை. அவன் புத்தளக் கரையில் இருந்து போனவனாகக்கூட இருக்கலாம். இன்றைக்கென்றால் கொரியப் பரீட்சை எழுதியிருப்பான்.